மனித ஜீனை மௌனமாக்கி ஆராயும் முறை

ஒரு ஜீனின் தொழில் யாதென அறிய, அது செயலற்றிருக்கும்போது உயிரணுவுக்கு என்ன நேருகிறது என்று பார்ப்பதே நேரான வழியாகும். 1998ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகளான ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.யை நுண்ணிய உருளைப்புழு ஒன்றினுள் செலுத்தி, அதே வரிசை கொண்ட ஜீன் அடங்கிவிடுவதைக் காட்டினர். மனித உயிரணுவிலோ இம்முறை பலிக்கவில்லை. சுமார் 30 இணைகளுக்கு மேல் நீண்ட இரட்டை இழையை அவ்வுயிரணு வைரஸ் என்றே கருதிப் புரத உற்பத்தி முழுவதையும் நிறுத்திவிடுகிறது. ஒரு விளக்கை அணைக்கப் போய் ஊரையே இருளாக்கிய கதைதான்!

2001இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் தாமஸ் டுஷ்ல் குழுவினர் இத்தடையைக் கடந்தனர். இழைக்கு 21 நியூக்ளியோடைடுகளே கொண்ட குறுகிய இரட்டை ஆர்.என்.ஏ.யை அவர்கள் செயற்கையாக ஆக்கி, கொழுப்புப் பொருளில் பொதிந்து உட்செலுத்தினர். உள்ளே ஆர்கோனாட் என்னும் புரதம் ஓரிழையைத் தள்ளி மற்றதை வைத்துக்கொள்கிறது. அதனுடன் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.யைத் தேடி வெட்டுகிறது. ஜீனுக்குச் சேதமில்லை. கோப்பு அலுவலகத்திலேயே இருக்க, அதன் நகல் மட்டும் வழியில் கிழிக்கப்படுகிறது என்று மாணவர்க்கு விளக்கலாம். ஆகவே, பெருகிவரும் உயிரணுக்களில் சில நாட்களுக்குப்பின் ஜீன் மீண்டும் பேசத் தொடங்கும்.

அக்குழுவினர் ஹீலா என்ற மனித உயிரணுக்களில் உட்கரு உறையைச் சார்ந்த லாமின் புரதத்தைக் குறைத்தனர். அதோடு நின்றார்களில்லை. மின்மினியின் ஒளிநொதி ஜீனுக்குரிய ஆர்.என்.ஏ.யை வேறு சில உயிரணுக்களில் செலுத்திப் பார்த்தனர். மனிதரிடம் அந்த ஜீன் இல்லை. அவற்றில் லாமினும் குறையவில்லை. குறைவுக்குக் காரணம் ஆர்.என்.ஏ.யின் வரிசையே, செலுத்திய செயலன்று என்பது இதனால் தெளிவாயிற்று.

இத்தகைய ஒப்புநோக்கு இல்லாத சோதனையை நம்புவதற்கில்லை. ஏனெனில், வழிகாட்டும் இழையின் முற்பகுதியில் ஏழு எழுத்துக்கள் பொருந்தினாலே தொடர்பற்ற வேறு ஜீன்களும் ஓரளவு அடங்கக்கூடும். உயிரணு மடிந்தால், எந்த ஜீனால் மடிந்தது? இதைத் தீர்க்க, அதே ஜீனின் வேறொரு பகுதிக்குரிய ஆர்.என்.ஏ.யும் அதே விளைவைத் தருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதனினும் வலிய சான்று ஒன்றுண்டு. புரதம் மாறாதபடி எழுத்துக்களை மட்டும் மாற்றி, வெட்டுக்குத் தப்பும் ஜீன் ஒன்றை உட்செலுத்தினால் உயிரணு பழைய நிலைக்கு மீள வேண்டும். மீளாவிடில் பழி வேறு ஜீனைச் சேரும்.

தூது ஆர்.என்.ஏ. ஒரு நாளில் குறைந்தாலும், முன்பே உருவான புரதம் மேலும் சில நாட்கள் நீடிக்கலாம். ஆதலால் புரதத்தையும் தனியே அளந்த பின்னரே ஜீன் அடங்கிற்று எனக் கொள்ளுதல் தகும்.