கடல் கடந்து கற்றதும் கரை சேர்த்ததும்
இப்ராகிம் அல்காசியின் நாடகப் பயிற்சி குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

வேலூர் லாங் பஜாரில் கடை வைத்திருப்போரின் பிள்ளைகளும், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் தோல் தொழிலை நம்பி வாழ்வோரின் பிள்ளைகளும் நம் வகுப்பறைகளில் அருகருகே அமர்ந்து பயில்கின்றனர். அவர்களுள் பலர் மேற்படிப்பை நாடி அயல்நாடு செல்ல விழைகின்றனர். அவ்வாறு சென்று கற்பதன் பயன் யாது? கற்றது யாருக்குச் சேர வேண்டும்? இலண்டன் மாநகருக்குச் சென்று நடிப்புக்கலை பயின்ற ஓர் இளைஞரின் வாழ்வைக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறோம்.

நம் பகுதியின் தொழிலே இதற்குத் தக்கதோர் ஒப்புமையாக அமைகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்ட நம் தோல், நெடுங்காலம் அரைகுறைப் பதத்திலேயே கப்பலேறியது. அதனை முழுமையாக்கும் நுட்பமும் அதனால் வரும் பெரும்பொருளும் அயலாரிடமே தங்கின. 1970-களில் மைய அரசு அவ்வகைத் தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய பின்னரே, முழுப்பதனீடும் காலணித் தொழிலும் இம்மண்ணில் பெருகின. தோலை அனுப்பியது முதற்படி. நுட்பத்தை இங்கே கொணர்ந்தது இரண்டாம் படி. அல்காசியின் வாழ்விலும் இவ்விரு படிகளையும் காண்கிறோம்.

வணிகர் வீட்டு மைந்தர்

இப்ராகிம் அல்காசி 1925-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் பூனா நகரில் பிறந்தார். தந்தையார் சவூதி அரேபியாவிலிருந்து வந்து வணிகம் செய்தவர். தாயார் குவைத் நாட்டவர். வீட்டில் அரபு மொழி, செயின்ட் வின்சென்ட் பள்ளியில் ஆங்கிலம், தெருவில் மராத்தி. வீட்டில் உருது பேசிக் கல்லூரியில் தமிழும் ஆங்கிலமும் பயிலும் நம் மாணவர் பலருக்கு இந்நிலை புதிதன்று.

பம்பாய் செயின்ட் சேவியர் கல்லூரியில் பயின்றபோது, சுல்தான் பதம்சி என்னும் இளைஞர் நடத்திய நாடகக் குழுவில் அல்காசி சேர்ந்தார். 1946-இல் பதம்சி இளவயதிலேயே மறைந்தார். குழுவின் பொறுப்பு, இருபது வயதை அப்போதுதான் கடந்திருந்த அல்காசியின் தோளில் வந்து அமர்ந்தது. அடுத்த ஆண்டு நாடு பிரிவினை கண்டது. குடும்பத்தார் பாகிஸ்தானுக்குப் பெயர்ந்தனர். அல்காசி மட்டும் இந்தியாவிலேயே நின்றார். பிறந்த மண்ணில் தங்குவதையும் தம் விருப்பத்தால் தெரிந்தெடுக்க வேண்டிய காலமாக அது இருந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இலண்டனில் பெற்ற பயிற்சி

1940-களின் இறுதியில் அவர் இலண்டன் சென்றார். ஓவியத்திலும் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு உண்டு. எனினும் அங்கே அவர் சேர்ந்த இடம், 1904-இல் ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ என்னும் நடிகர் தோற்றுவித்த அரச நாடகக்கலைக் கழகமாகும். போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. உணவுப் பங்கீடு நீங்கவில்லை. அக்கழகத்தின் அரங்கே 1941-இல் குண்டுவீச்சில் இடிந்து போயிருந்தது. இடிபாடுகளுக்கு நடுவே நாடகம் கற்பித்த நகரம் அது.

நடிப்பு என்பது பிறவியில் வாய்க்கும் வரம் மட்டுமே என்று கருதுவோர் இன்றும் உளர். அங்கே அது ஒழுங்குபட்ட கல்வியாக இருந்தது. மூச்சை ஆளுதல், குரலைக் கடைசி வரிசைவரை செலுத்துதல், செய்யுளைப் பொருள் சிதையாமல் உரைத்தல், உடலை வளைத்துப் பழக்குதல், வாள்வீச்சு எனப் பலவும் நாள்தோறும் பழக வேண்டியவை. திறமை தோல் என்றால் பயிற்சியே பதனீடு. பதனிடாத தோல் நெடுநாள் நில்லாது.

பயிற்சிக்குப்பின் இலண்டனிலேயே பணியாற்றும் வாய்ப்புகள் அவரை அழைத்தன. அவற்றை விடுத்து அவர் தாயகம் திரும்பினார். இம்முடிவையே அவர் வாழ்வின் திருப்புமுனை என்போம்.

தாயகத்தில் ஆற்றிய பணி

திரும்பியவருக்கு இங்கே ஆயத்தமான அரங்கு ஏதும் காத்திருக்கவில்லை. பம்பாயில் தாம் வாழ்ந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியையே அரங்காக்கினார். 1962-இல் தில்லி தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநராகப் பொறுப்பேற்று 1977 வரை பணியாற்றினார். ஆங்கிலத்தில் பயின்ற அவர், அங்கே இந்தி மேடையை வளர்த்தார். இலண்டனிலிருந்து அவர் கொணர்ந்தது ஆங்கில உச்சரிப்பை அன்று. காலந்தவறாமை, ஒத்திகை ஒழுங்கு, ஒளி, உடை, அரங்க அமைப்பு என யாவற்றையும் கல்வியாகக் கருதும் நெறியை. அவர் கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர்.

1963-இல் தரம்வீர் பாரதியின் 'அந்தா யுக்' நாடகத்தைப் பெரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளிடையே நிகழ்த்தினார். பாரதப் போரின் இறுதி நாளைக் கூறும் அந்நாடகத்திற்குச் சிதைந்த மதில்களே பின்புலமாயின. போரில் சிதைந்த இலண்டனைக் கண்ட விழிகளே அவ்விடத்தைத் தேர்ந்தனவோ என எண்ணத் தோன்றுகிறது. கிரீஷ் கர்னாட்டின் 'துக்ளக்' நாடகத்தைப் பழைய கோட்டையில் மேடையேற்றினார். நசீருத்தீன் ஷா, ஓம் பூரி, சுரேகா சிக்ரி, ரோகிணி ஹட்டங்கடி முதலியோர் அவர் காலத்தில் அப்பள்ளியில் உருவானவர்கள். அவர்கள் நடிப்புக் கற்கக் கடல் கடக்க வேண்டிய தேவை இல்லாது போயிற்று. இதுவே இரண்டாம் படி.

தமிழுக்கு வந்த வழி

இவ்வொளி தமிழகத்தையும் எட்டியது. நாங்குநேரியில் பிறந்து காந்திகிராமத்தில் ஆசிரியராக இருந்த சே. இராமானுஜம், 1960-களில் தில்லி சென்று அல்காசியிடம் பயிற்சி பெற்றார். பின்னர் காந்திகிராம நாடகப் பட்டறைகளிலும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறையிலும் அவர் பணி தொடர்ந்தது. 'வெறியாட்டம்' என்னும் அவரது ஆக்கத்தில், 'டிரோஜன் பெண்கள்' என்னும் பழைய கிரேக்க நாடகத்தின் அவலம் தமிழ் ஒப்பாரியின் குரலில் ஒலித்தது. இலண்டனில் ஒருவர் கற்றது தில்லி வழியாகத் தமிழ் ஒப்பாரியைத் தொட்டது என்பதை எண்ணும்போது, கல்வியின் பயணம் எத்துணை நெடியது என்பது விளங்கும்.

முடிவுரை

2010-இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அல்காசி, 2020 ஆகஸ்டு 4-ஆம் நாள் தில்லியில் மறைந்தார்.

வெளிநாடு செல்வது குறையன்று. அங்கேயே வாழ்வதையும் நாம் பழிக்கவில்லை. ஆயின் கற்றவர் ஒருவர், தமக்குப் பின் வருவோர் அத்துணைத் தொலைவு செல்லாமலே கற்க வழிவகுப்பாராயின், அவர் கல்வி பன்மடங்காகிறது. கலை கற்க விழையும் பிள்ளையை, "இது ஒரு படிப்பா?" எனக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள் எனப் பெற்றோரையும் பெரியோரையும் வேண்டுகிறோம். ஒரு வணிகர் வீட்டுப் பிள்ளையை நாடகத்துக்கு விட்டதால், ஒரு நாட்டின் மேடை பயன் பெற்றது. மாணவச் செல்வங்களே, எங்குச் சென்றும் கற்றுக்கொள்ளுங்கள்; கற்ற நுட்பத்தை நம் ஊருக்கும் கொணருங்கள்.