புல்வெளி நீலன்கள்

மழை ஓய்ந்து இளவெயில் பரவும் காலை வேளையில், வயல் வரப்புகளிலும் பள்ளி விளையாட்டிடத்தின் ஓரங்களிலும் சிறு நீலப் பட்டாம்பூச்சிகள் தரையை ஒட்டிப் பறந்து திரியும். விரித்த சிறகின் அகலம் பெரும்பாலும் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. ஆதலின், அவற்றைப் பெரிய பட்டாம்பூச்சிகளின் குஞ்சுகள் என்று கருதுவாரும் உளர். அக்கருத்துப் பொருந்தாது. கூட்டினின்றும் வெளிப்பட்ட பட்டாம்பூச்சி அதன்பின் வளர்வதில்லை. உருவில் சிறியனவாயினும் அவை முழு வளர்ச்சி எய்தியவையே.

இவை நீலன்கள் என்னும் குடும்பத்தைச் சார்ந்தவை. நம் நாட்டுப் புல்வெளிகளில் வெளிர் புல்நீலன், கரும் புல்நீலன், சிறு புல்நீலன், சின்னஞ்சிறு புல்நீலன் என நான்கு இனங்கள் காணப்படுகின்றன. பறக்கும்போது நான்கும் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றை வேறு பிரித்து அறிவது எங்ஙனம்?

நீல நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது. அந்நீலம் சாயத்தால் அமைந்ததன்று. சிறகின்மேல் ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கப்பட்ட செதில்களின் நுண்ணிய அமைப்பே ஒளியில் நீலத்தைப் பிரித்துக் காட்டுகின்றது. எனவே, நோக்கும் கோணம் மாறினால் நிறமும் மாறித் தோன்றும். செதில்கள் உதிர உதிர நீலம் மங்கும். பெண் பூச்சிகளிலோ நீலம் குறைந்து பழுப்பே மிகுந்திருக்கும். ஆகவே, பூச்சி சிறகை மூடி அமரும்வரை பொறுத்திருந்து, சிறகின் அடிப்புறத்தை நோக்குதல் வேண்டும். சாம்பல் நிறமான அப்பரப்பில் கரும்புள்ளிகள் அமைந்துள்ள முறையே இனத்தைக் காட்டும் அடையாளமாகும்.

முதலில், பின்சிறகின் முனையில் நூல்போன்ற வால் உளதா என்று பார்த்தல் வேண்டும். அவரை, பட்டாணிச் செடிகளை நாடும் பட்டாணி நீலனுக்கு அத்தகைய வால் உண்டு, புல்நீலன்களுக்கு இல்லை. வால் இல்லையெனில், அடுத்து முன்சிறகின் மேல் விளிம்பை நோக்கலாம். அங்குச் சிறு புள்ளிகள் காணப்படின் அது சின்னஞ்சிறு புல்நீலன். அவை இல்லையெனில், முன்சிறகின் அடிப்பகுதியில் நரம்புகளால் சூழப்பட்ட அறையைப் பார்த்தல் வேண்டும். அவ்வறையினுள் புள்ளி இல்லாதது சிறு புல்நீலன். புள்ளி உள்ளவை வெளிர் புல்நீலனும் கரும் புல்நீலனும் ஆகும். இவ்விரண்டனுள் முன்னதன் ஆண் பூச்சி வெள்ளி கலந்தாற்போன்ற வெளிர் நீலமுடையது. பின்னதன் ஆண் கருநீலமுடையது.

ஐயம் நீங்காதவிடத்துச் செடிகள் துணைபுரியும். வெளிர் புல்நீலன் புளியாரையில் முட்டையிடும். கரும் புல்நீலன் நெருஞ்சியிலும் கீரைச் செடிகளிலும் முட்டையிடும். ஆனால், தேன் உண்ண எம்மலரிலும் பூச்சி அமரக்கூடும். ஆதலின், அது அமர்ந்த செடியை அன்று, முட்டையிட்ட செடியையே சான்றாகக் கொள்ளல் வேண்டும்.

இத்துணைச் சிறிய வேறுபாடுகளை அறிவதால் பயன் என்ன என்று சிலர் வினவக்கூடும். அதற்கு இங்கிலாந்து நாட்டின் பெருநீலன் வரலாறே விடை கூறும். பெருநீலனின் புழு, காட்டுத் தைம் என்னும் நறுமணச் செடியின் பூவை மூன்று வாரம் அளவில் உண்டு, பின்பு நிலத்தில் விழும். செவ்வெறும்புகள் அதனைத் தம் புழுவென மயங்கித் தூக்கிச் சென்று புற்றில் வளர்க்கும். அங்கே அஃது எறும்பின் புழுக்களையே உண்டு பல மாதங்கள் வாழும்.

இப்பூச்சி அருகி வருவதைக் கண்ட அன்பர்கள், சேகரிப்போரிடமிருந்து அதனைக் காக்க வேலியிட்டனர். வேலி கால்நடைகளையும் தடுத்தது. 1950-களில் கொள்ளைநோயால் முயல்கள் மடிந்தன. மேய்வன இன்மையால் புல் உயர்ந்தது. நிலத்தில் வெயில் படுவது குறைந்தது. தைம் செடி இருந்தும், எறும்புகள் இருந்தும், பெருநீலன் குறைந்துகொண்டே வந்தது.

1970-களில் ஜெரமி தாமஸ் என்னும் அறிஞர் இதன் காரணத்தைக் கண்டறிந்தார். ஒன்றுபோல் தோன்றும் செவ்வெறும்பினங்கள் பலவற்றுள், மிர்மிக்கா சபுலெட்டி என்னும் ஓர் இனத்தின் புற்றிலேயே பெருநீலன் நன்கு பிழைத்தது. அவ்வெறும்புக்கு வெதுவெதுப்பான நிலம் வேண்டும். புல் உயர்ந்ததும் அஃது அகன்றது. அதன் இடத்தைப் பிடித்தவை அதனை ஒத்த வேறு எறும்புகள். இவ்வுண்மை தெளிவாவதற்குள் காலம் கடந்துவிட்டது. 1979-இல் பெருநீலன் அந்நாட்டினின்றும் மறைந்தது.

எனினும் முயற்சி வீண்போகவில்லை. கால்நடைகளை மேயவிட்டுப் புல்லைக் குட்டையாக வைத்து, அவ்வெறும்பு மீண்டும் பெருகச் செய்தனர். 1983-இல் சுவீடன் நாட்டினின்றும் பெருநீலனைக் கொணர்ந்து குடியேற்றத் தொடங்கினர். இன்று தென்மேற்கு இங்கிலாந்தின் புல்வெளிகளில் அது மீண்டும் பறக்கின்றது.

அன்பு மட்டும் அப்பூச்சியைக் காக்கவில்லை, வேலியும் காக்கவில்லை. ஓர் எறும்பை அதனைப்போன்ற மற்றோர் எறும்பினின்றும் பிரித்தறிந்த நுண்ணோக்கே அதனைக் காத்தது. அந்நோக்கைப் பழகுதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. புளியாரை படர்ந்த ஒரு வரப்பும், பூச்சி சிறகை மூடும்வரை காத்திருக்கும் பொறுமையும் போதும்.