மூக்கு பெரிசில்லை, நீங்கள்தான் பக்கத்தில் நிற்கிறீர்கள்

இந்த மாதமும் முக்கால்வாசிக் கடிதம் வீட்டுக் குழந்தைகளின் முகத்தைப் பற்றித்தான். "எந்த போன் வாங்கலாம்?" என்று கேட்டவற்றை ஒதுக்கிவிட்டேன். அதைக் கடைக்காரர் சொல்வார்.

என் 2 வயது மகளை போனில் கிட்டப்போய் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் விழுகிறது. நேரில் அப்படி இல்லை. போனை மாற்ற வேண்டுமா?
— அம்மா, கரூர்

போனை மாற்ற வேண்டாம், நிற்கும் இடத்தை மாற்றுங்கள். முகம் நிறைந்து விழ வேண்டும் என்று ஓரடிக்கு வந்துவிடுகிறீர்கள். அந்த வயதுப் பிள்ளைக்கு மூக்கு நுனியிலிருந்து காது வரை பின்னோக்கி நாலங்குலம் இருக்கும். லென்சிலிருந்து மூக்கு 12 அங்குலத்தில் என்றால் காது 16 அங்குலத்தில். அப்போது காது நாலில் ஒரு பங்கு சிறுத்துத்தான் விழும், மூக்கு முன்னால் வந்து நிற்கும். ஐந்தடி தள்ளிப் போங்கள். 60 அங்குலம், 64 அங்குலம். வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அங்கிருந்து 2 எக்ஸ் அல்லது 3 எக்ஸ் ஜூம் வைத்து எடுங்கள். அந்த வசதி இல்லாத போனா? அப்படியே எடுத்துவிட்டுப் பிறகு முகத்தை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள்.

வைடு லென்ஸ் முகத்தைக் கெடுக்கிறது என்று எல்லாரும் லென்சைத் திட்டுகிறார்கள். கெடுப்பது தூரம். இன்னொரு லாபமும் உண்டு: தள்ளி நின்றால் பிள்ளை உங்களை மறந்துவிட்டு விளையாடும்.

மகனை எடுத்தால் தலை பெரிதாகவும் கால் குச்சியாகவும் தெரிகிறது. என்ன செய்ய?
— அப்பா, ஓசூர்

தரையில் உட்காருங்கள்.

அண்ணன் குழந்தையை எடுக்கவென்றே 50 எம்எம், எஃப் 1.8 லென்ஸ் வாங்கினேன். கேமரா ஏபிஎஸ்-சி சென்சார். பின்னணி அழகாகக் கரைகிறது. ஆனால் ஒரு கண் தெளிவாக இருந்தால் இன்னொரு கண் மங்குகிறது. லென்சில் கோளாறா?
— சித்தப்பா, திருப்பூர்

கோளாறு இல்லை தம்பி. லென்சில் 1.8 என்று எழுதியிருந்தால் அதில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டமா? உங்கள் கேமராவில் ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக நிற்பது ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் ஆழம்தான். குழந்தை முகத்தைக் கொஞ்சம் திருப்பினாலே ஒரு கண் அந்த மூன்றுக்கு வெளியே போய்விடும். எஃப் 4 வையுங்கள், ஆழம் இரட்டிப்புக்கு மேலாகும். பின்னணி அப்போதும் கரையும், சுவரிலிருந்து பிள்ளையை ஆறடி முன்னால் கொண்டுவந்தால். ஃபோகஸ் எப்போதும் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில். கேமராவில் கண்ணைத் தேடும் ஆட்டோ ஃபோகஸ் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், வீம்பு வேண்டாம்.

ஷட்டர் 1/250க்குக் கீழே இறங்கக்கூடாது. ஐஎஸ்ஓ 3200 வரை ஏறினால் ஏறட்டும். புள்ளி விழுந்த படத்தை எந்த வீட்டிலும் ஒதுக்கியதில்லை. ஆடிப்போன படத்தைத்தான் ஒதுக்குகிறார்கள்.

கேமராவைத் தூக்கினாலே குழந்தை அழுகிறது.
— அப்பா, மதுரை

உங்களுக்குப் பின்னால் எத்தனை பேர் நின்று கிலுகிலுப்பை ஆட்டுகிறார்கள்? ஒருவரை நிறுத்திக்கொண்டு மீதிப் பேரை அடுப்படிக்கு அனுப்புங்கள்.

தம்பி மகனுக்கு ஒன்றரை வயது. ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் மின்னுகிறது. சிவப்பை எடுக்க ஆப் இருக்கிறது. வெள்ளையை எடுக்க எது நல்லது?
— அத்தை, நாகர்கோவில்

எதையும் எடுக்காதீர்கள். படங்களைத் திருத்தாமல் அப்படியே வைத்துக்கொண்டு, தாமதிக்காமல் பிள்ளையைக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

சிவப்பு பயப்பட வேண்டியதில்லை. விழித்திரைக்குப் பின்னால் ஓடும் ரத்தம் ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் வருவது அது. ஒரு கண்ணில் மட்டும் திரும்பத் திரும்ப வெள்ளை தெரிந்தால் அது புகைப்படக்காரன் வேலை இல்லை. கண்ணின் பின்பக்கத்து நரம்பில் ஒரு கோணத்தில் வெளிச்சம் பட்டாலும் வெள்ளை தெரியலாம், அதில் ஆபத்து இல்லை. குழந்தைகளுக்கு வரும் கண்புரையாக இருக்கலாம். விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயாகவும் இருக்கலாம். அது பெரும்பாலும் 5 வயதுக்குள் வருவது. மூன்றில் எது என்பதை மருத்துவர் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரையும், பல நேரம் பார்வையையும் காப்பாற்ற வழி இருக்கிறது. உங்களுக்குத் திருநெல்வேலியிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. போன்களில் சிவப்பைத் தானாக நீக்கும் வசதி இருந்தால் அதை அணைத்து வையுங்கள்.

இதைப் படித்துவிட்டு மற்றவர்கள் பிள்ளை முகத்தில் ஃபிளாஷ் அடித்து அடித்துப் பரிசோதனை நடத்த வேண்டாம். ஏற்கெனவே எடுத்த படங்களைப் பார்த்தாலே போதும்.

ஃபிளாஷ் போட்டால் கைக்குழந்தையின் கண் கெட்டுவிடும் என்கிறாள் என் மனைவி. உண்மையா? ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் வீட்டில் வெளிச்சம் போதவில்லை.
— தாத்தா, கும்பகோணம்

சாதாரண கேமரா ஃபிளாஷால் கண் கெடாது ஐயா. படம் கெடும். முகம் தட்டையாகிவிடும், பிள்ளையும் திடுக்கிடும். அதனால் அம்மா சொல்வதையே கேளுங்கள், காரணம் மட்டும் வேறு.

காலை ஒன்பது மணி வாக்கில் வெயில் நேராக அடிக்காத ஜன்னலாகப் பாருங்கள். அதிலிருந்து இரண்டடியில், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி, யாராவது மடியில் பிள்ளையை வைத்துக்கொள்ளட்டும். டியூப்லைட்டைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் மஞ்சள். நிழல் பக்கம் ரொம்ப இருண்டால் உங்கள் வெள்ளை வேட்டியை ஒரு நாற்காலியில் விரித்து அந்தப் பக்கம் வையுங்கள். பிறகு பிள்ளையின் கருவிழியைப் பாருங்கள். அதற்குள் ஜன்னல் சின்னச் சதுரமாக, கம்பியோடு தெரியும். அது தெரிந்தால் எடுக்கலாம். தெரியாவிட்டால் பிள்ளையைத் திருப்பாதீர்கள், மடியில் வைத்திருப்பவரைத் திருப்புங்கள்.

எல்இடி விளக்கில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கறுப்பு ஓடுகிறது.
— மாமா, சேலம்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவு விளக்கு விநாடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை 1/100க்குக் கொண்டுவாருங்கள், அல்லது ஜன்னலுக்குப் போங்கள்.

என் பேத்தி மாநிறம். போனில் எடுத்தால் இன்னும் கறுப்பாக விழுகிறாள். ஸ்டூடியோவில் கொஞ்சம் கலராக்கித் தந்தார்கள், நன்றாக இருந்தது. போனில் எந்த பியூட்டி மோடு நல்லது?
— பாட்டி, விருதுநகர்

இரண்டு விஷயத்தைக் கலந்து கேட்டிருக்கிறீர்கள், பாட்டி.

போனில் கறுப்பாக விழக் காரணம் பேத்தி இல்லை, பின்னால் இருக்கும் சுவர். காட்சியில் வெள்ளை அதிகம் இருந்தால் வெளிச்சம் கூடிப்போனதாக நினைத்துக் கேமரா மொத்தத்தையும் இறக்கிவிடும். முகமும் சேர்ந்து இறங்கும். சுண்ணாம்புச் சுவரை விட்டுவிட்டு மரக்கதவுக்கு முன்னால் உட்கார வையுங்கள். வெள்ளை கவுனையும் மாற்றுங்கள். போன் திரையில் முகத்தைத் தொட்டால் பல போன்களில் பக்கத்தில் சின்னச் சூரியன் வரும், அதைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். கன்ன மேட்டிலும் மூக்குத் தண்டிலும் ஒரு பளபளப்பு இருக்கிறதே, அது வெளுத்துப்போவதற்கு முன்னால் நிறுத்திவிடுங்கள். மாநிற முகத்துக்கு உருவம் கொடுப்பதே அந்தப் பளபளப்புதான்.

இனி அந்தக் 'கலர்'. ஃபிலிம் காலத்தில் பிரின்ட் போடும் லேப்களுக்கு கோடாக் நிறுவனம் ஓர் அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ஷெர்லி கார்டு என்று பெயர். அவள் முகம் சரியாக விழுந்தால் மெஷின் சரி என்று அர்த்தம். பல வருஷம் உலகத்து முகமெல்லாம் அவளுக்காகச் சரிசெய்த மெஷினில் வந்தவைதான். பழுப்புத் தோலில் இருக்கும் அத்தனை சாயலும் ஒரே இருட்டாக அடைந்துபோயின. அது ஃபிலிம் செய்த அநியாயம். இன்றைய கேமரா எல்லாச் சாயலையும் பிடித்துக் கையில் கொடுக்கிறது. நாம் அதை வாங்கி விரலால் தேய்த்து அழிக்கிறோம்.

பியூட்டி மோடு செய்த வேலையை ஒரு தடவை பெரிதாக்கிப் பாருங்கள். கன்னத்துப் பூனை முடியைக் காணோம். தூக்கத்தில் தன் நகத்தாலேயே கீறிக்கொண்ட கோட்டைக் காணோம். மேலுதட்டில் காய்ந்த பாலைக் காணோம். மிச்சம் இருப்பது இரண்டு கண் வைத்த கொழுக்கட்டை.

என் கடைக்கும் வருகிறார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே, "அக்கா மாதிரி இவ கலர் இல்ல, கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்கிறார்கள். நாலு வயதுப் பிள்ளைக்குக் காது கேட்கும் பாட்டி. அதைக் கேட்ட பிள்ளை அப்புறம் கேமராவை நிமிர்ந்தே பார்க்காது. அதன் எதிரில் நின்று "சிரி, சிரி" என்று கை தட்டினால் எங்கிருந்து சிரிக்கும்? நான் கலராக்கித் தருவதில்லை. தருகிற கடை எத்தனையோ இருக்கின்றன, போகட்டும். உங்கள் பேத்தி பெரியவளாகி ஆல்பத்தைப் புரட்டும்போது, "இது யாரு ஆச்சி?" என்று கேட்டால் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

எந்த பியூட்டி மோடு நல்லது என்று கேட்டீர்கள். அணைத்து வைத்தது. சில போன்களில் வாங்கும்போதே போட்டு வைத்திருப்பார்கள், பேரன் யாரையாவது கூப்பிட்டு செட்டிங்கில் தேடச் சொல்லுங்கள்.

திருஷ்டிப் பொட்டைப் படத்தில் அழித்துவிடலாமா?
— அம்மா, தஞ்சாவூர்

பொட்டு இருக்கட்டும். வழிந்த மையை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு எடுங்கள்.

குலதெய்வக் கோயிலில் தங்கை மகனுக்கு மொட்டை, காதுகுத்து. என் மடியில்தான் உட்கார வைப்பார்கள். நல்ல க்ளோஸப் ஒன்று வேண்டும்.
— தாய்மாமன், தேனி

மடியாக இருப்பவர் கேமராவைப் பற்றிக் கவலைப்படக்கூடாது. வேறொருவரிடம் கொடுங்கள், கொடுத்துவிட்டு இதைச் சொல்லுங்கள். உச்சி வெயிலில் கண்குழி இருண்டுவிடும், ஆகவே மண்டபத்து நிழலின் ஓரம், முகம் வெளிப்பக்கம். மொட்டையில் பூசிய சந்தனம் முகத்தைவிட வெளிச்சமாக இருக்கும். கேமரா அதைப் பார்த்து முகத்தை இருட்டாக்கிவிடும், முகத்தைத் தொட்டு ஏற்ற வேண்டும். குத்தும் நொடியில் எல்லாரும் ஆசாரியின் கையை எடுத்துக்கொண்டிருப்பார்கள், எடுக்கட்டும். அழுகை ஓய்ந்து, கண்ணீர் காயாமல், பிள்ளை உங்கள் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருக்கும். அப்போது எடுக்கச் சொல்லுங்கள்.

பிறந்து பத்து நாளான அக்கா குழந்தையை, இரண்டு கையிலும் தாடையைத் தாங்கித் தூங்குகிற மாதிரி எடுக்க ஆசை. அப்படி எப்படி உட்கார வைப்பது?
— சித்தி, கோவை

உட்கார வைக்கவே கூடாது. நீங்கள் பார்த்த படம் குறைந்தது இரண்டு படங்களை ஒட்டியது. ஒன்றில் ஒருவர் தலையைப் பிடித்திருப்பார், இன்னொன்றில் கையைப் பிடித்திருப்பார், பிறகு அந்தக் கைகளை அழித்துவிடுவார்கள். அந்த வயதில் கழுத்து நிற்காது. தலை சாய்ந்தால் மூச்சுக்குழாய் மடங்கும். தூங்கும் பிள்ளையை மல்லாக்கப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து விரல்களையும் இமை முடியையும் எடுங்கள்.

மகளின் பிள்ளையை நான் எடுத்த க்ளோஸப் படம் ஒன்று சற்று மங்கல். ஆனால் எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. பெரிதாக்கி மாட்டலாமா?
— அப்பப்பா அல்ல, அம்மப்பா, ஹட்டன்

நீங்கள் இருக்கும் பக்கம்தான் பொகவந்தலாவை. அங்கே தேவாலயத்துக் கல்லறையில் இருக்கிறார் ஜூலியா மார்கரெட் கேமரன். கல்கத்தாவில் பிறந்தவர், 1879இல் இலங்கையில் இறந்தார். 1863 டிசம்பரில், தன் 48வது வயதில், மகள் பரிசாகக் கொடுத்த கேமராவில்தான் தொடங்கினார். அடுத்த மாதமே ஆனி என்ற சிறுமியின் முகத்தை எடுத்து, இதுதான் என் முதல் வெற்றி என்றார். அவர் படங்கள் மங்கல் என்று அன்றைய புகைப்படக்காரர்கள் பரிகசித்தார்கள். இன்றைக்கு அதே படங்கள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஆகவே மாட்டுங்கள். ஆனால் இதையே சாக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த அம்மாவின் கண்ணாடித் தகட்டுக்குப் பிள்ளைகள் நிமிஷக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. உங்களிடம் 1/500 இருக்கிறது.

போனில் எடுத்த மகன் படத்தை 12க்கு 18 அங்குலம் போட்டேன். புகைமூட்டமாக வந்திருக்கிறது. போனில் பளிச்சென்று இருந்ததே!
— அம்மா, திருவண்ணாமலை

கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்களா? அதுதான். அது படத்தைச் சுருக்கி அனுப்பும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது போனையே கொண்டுபோய் கேபிள் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். 12க்கு 18க்கு குறைந்தது 2400க்கு 3600 பிக்சல் வேண்டும். முகத்தை மட்டும் வெட்டி எடுத்த படத்தில் அவ்வளவு மிஞ்சாது, அதற்கு 6க்கு 8 போதும். ஃபிரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டை மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரு மழைக்காலம் போனதும் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மூக்கோடு வரும்.