கைத்தட்டில் ஒரு கணக்கு

கேள்வி: பழனியில் ஆறாம் வகுப்பு ஆசிரியை நான். இசைக் கருவிகள் இல்லாமல் உலக இசையைப் பாடத்தில் சேர்க்க முடியுமா?

பதில்: கைகளே போதும், டீச்சர். எல்லாரும் ஒன்றாகத் தொடங்கி, பாதி வகுப்பு மூன்று எண்ணிக்கைக்கு ஒருமுறையும் மறுபாதி நான்குக்கு ஒருமுறையும் தட்டட்டும். 12 எண்ணிக்கைக்கு ஒருமுறை இரண்டு தட்டும் சேரும். மீச்சிறு பொது மடங்கைப் பிள்ளைகள் காதாலேயே கண்டுபிடிப்பார்கள்! கானாவின் எவே இன மேளக்காரர்கள் இப்படித்தான் தாளத்தோடு தாளம் பின்னுகிறார்கள்.

அடுத்து ஏழு எண்ணிக்கைத் தாளங்கள். பல்கேரியாவின் ரச்செனிட்சா நடனம் 2+2+3. நம் கர்நாடக இசையின் மிஸ்ர சாப்பு தாளம் 3+2+2. இரண்டையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் ஊரிலும் தாளம் உண்டு: பழனி முருகன்மேல் அருணகிரிநாதர் பாடிய திருப்புகழ்களின் சந்தமே பெரிய புதையல். தைப்பூசக் காவடியாட்டம் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாளம் புதிதல்ல. தமிழ் வகுப்பிலும் தட்டலாம்: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு.