ஆறிய தழும்பு ஏன் அரிக்கிறது?

அன்புள்ள தம்பிக்கு,

மார்பில் பரு வந்து ஆறிய இடம் வருஷக்கணக்காகியும் நமநமவென்று அரிக்கிறது என்று கேட்டிருந்தாய். "புண் ஆறும்போது அரிக்கத்தான் செய்யும்" என்று பெரியவர்கள் சொல்வது ஆறும் காலத்துக்கு மட்டுமே பொருந்தும். ஆறி வெகுநாளான பிறகும் அரித்தால், உள்ளே வேலை ஓயவில்லை என்று பொருள்.

காயத்தை மூடத் தோல் கொலாஜன் என்ற புரத இழைகளைப் பின்னுகிறது. சிலருக்கு அந்தப் பின்னல் நிற்பதில்லை. காயத்தின் எல்லையைத் தாண்டி, நல்ல தோல்மீதும் ஏறிப் பளபளவென்று தடித்தால் அது கீலாய்டு. எல்லைக்குள்ளேயே தடித்தது நாளடைவில் அமுங்கலாம். கீலாய்டு தானாக அமுங்குவது அரிது. அதிலுள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுவது அரிப்புக்கு ஒரு காரணம். மார்பு, தோள், காது குத்திய மடல், பி.சி.ஜி. ஊசி போட்ட புஜம் ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். பெரும்பாலும் 10 முதல் 30 வயதுக்குள் தலைகாட்டும்.

முதலில் நகத்தை வெட்டு. சொறிந்தால் மறுபடி காயம்.

வறண்ட தழும்பு கூடுதலாக அரிக்கும். குளித்த ஈரம் காயுமுன் வாசலின் தடவினால் கொஞ்சம் அடங்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் சிலிக்கான் ஜெல் பட்டையை நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், மாதக்கணக்கில் ஒட்ட வேண்டும். ஒரே வாரத்தில் அலுத்துப்போய்க் கழற்றி எறிந்தால் காசுதான் வீண். கடைக்காரர் எடுத்து நீட்டும் ஸ்டீராய்டு கலவைக் களிம்பு வேண்டவே வேண்டாம், தோல் மெலிந்துபோகும்.

தோல் மருத்துவர் வழக்கமாகக் கையிலெடுப்பது டிரையாம்சினலோன் ஊசி. தழும்புக்குள்ளேயே, பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை போடுவார். வலிக்கும், மறைப்பானேன்? கெட்டித் தழும்புக்குள் மருந்து இறங்க மறுக்கும். மருத்துவரின் கட்டைவிரலே வெளுத்துவிடும். சுற்றுத் தோலின் நிறம் மங்கவும் கூடும். ஆனாலும் தடிப்போடு அரிப்பையும் தணிக்கும் மருந்து அது. சிலருக்குத் திரவ நைட்ரஜனால் உறையவைப்பதும் உண்டு.

"வெட்டி எறிந்தால் என்ன?" என்று தோன்றும். வெட்டிய இடமும் புதுக் காயம்தானே! அறுவையோடு நிறுத்தினால் பெரும்பாலோருக்கு மறுபடி வளர்கிறது, சிலருக்கு முன்னிலும் பெரிதாக. அதனால்தான் அறுவைக்குப் பின் ஊசியோ கதிர்வீச்சோ சேர்க்கிறார்கள்.

பழைய தீக்காயத் தழும்பு மட்டும் தனிக் கதை. பல ஆண்டுகள் சும்மா கிடந்தது திடீரென்று அரித்து, வெடித்து, ஆறாத புண்ணாக நின்றால் அது தோல் புற்றாக இருக்கலாம். 1828இல் இத்தகைய புண்களை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் அது மார்ஜோலின் புண் எனப்படுகிறது. வீட்டில் யாருக்காவது அப்படிப் புண் இருந்தால் களிம்பு தடவிக் காத்திருக்காமல், சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கும் மருத்துவமனைக்கு அழைத்துப் போ.

அன்புடன்,
அண்ணன்