விமானத்துக்கு வழி சொன்ன இரண்டு ரீடுகள்

எலக்ட்ரிகல் லேபில் ரீடு வகை ஃப்ரீக்வன்ஸி மீட்டரைப் பார்த்திருப்பீர்கள். பல எஃகு ரீடுகள் இருந்தாலும், சப்ளை 50 ஹெர்ட்ஸ் என்றால் 50-க்கான ரீடுதான் நன்றாக ஆடும். "பழைய சாமான்தானே!" என்று ஒதுக்காதீர்கள். விமானிக்கு வழி சொன்னதும் இதே தத்துவம்தான்.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு மேகத்துக்குள்ளே பறக்கிறோம்னு வைத்துக்கொள்வோம். கடற்கரையும் தெரியாது, கோபுரமும் தெரியாது. சிதம்பரத்தில் உள்ள ரேடியோ நிலையம், குறுக்காக நிறுத்திய இரண்டு லூப் ஏரியல்களில் 65, 86.7 ஹெர்ட்ஸ் என இரு சிக்னல்களை அனுப்புகிறது. விமானத்தில் மின்காந்தத்தின் முன்னே இரண்டு ரீடுகள்; நுனியில் வெள்ளைப் பூச்சு. ஆடும்போது இரு வெள்ளைக் கோடுகள் தெரியும். இரண்டும் சம நீளமா? பாதை சரி. இடதுகோடு நீண்டதா? கடல் பக்கம் விலகிவிட்டோம், வலப்பக்கம் திருப்பு!

1920களின் இறுதியில் அமெரிக்காவின் ப்யூரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ் இந்த முறையை உருவாக்கியது. 1929 செப்டம்பர் 24 அன்று, மூடிய காக்பிட்டிலிருந்து ஜிம்மி டூலிட்டில் விமானத்தை ஏற்றி இறக்கியபோது, திசை காட்டியது ரீடு இண்டிகேட்டரே.

இனி டிசைன். ரீடின் அதிர்வெண் தடிமனுக்கு நேர் விகிதம். நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதம். ஒரே தகட்டில் 65 ஹெர்ட்ஸ் ரீடு 60 மி.மீ. என்றால், 86.7-க்கு சுமார் 52 மி.மீ. போதும். ட்யூனிங் கூர்மையாக இருந்தால் இரைச்சல் ரீடை ஆட்டாது. ஆனால் மிகக் கூர்மையானால், வெப்பநிலை மாறி ஒரு ரீடு சற்றே பிசகினாலும் கோடு குறுகும். விமானி தப்பான பாதையைச் சரியென்று நம்பிவிடுவார். ஆகவே அளவான கூர்மையே நல்ல டிசைன்.

ஹாக்ஸா பிளேடை வைஸில் இறுக்கித் தட்டிப் பாருங்கள். வெளியே நீட்டிய நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் நான்கு மடங்கு. சூத்திரம் கைக்கே புரியும்!