சாலைப் பணியும் நெரிசல் கணக்கும்

1994ஆம் ஆண்டில் முழுமையாகத் திறந்துவைக்கப்பட்ட வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் பெரும்பகுதியில் ஒரு திசைக்கு இரண்டு தடங்களே உள்ளன. பழுதுபார்ப்பதற்காக அவற்றுள் ஒன்றை அடைத்தால் நெரிசல் உண்டாகும் என்பது யாவரும் அறிந்ததே. அந்நெரிசலின் அளவை எவ்வாறு கணிப்பது? கூட்டலும் கழித்தலும் தெரிந்தோர் எவரும் கணிக்கலாம்.

பணியிடத்திற்கு முன்னால் ஒருவரும் அதனைக் கடந்து மற்றொருவரும் நின்று, கால் மணிக்கு ஒருமுறை வாகனங்களை எண்ணிக் குறிக்க வேண்டும். முன்னவர் எண்ணுவது வரவு; பின்னவர் எண்ணுவது செலவு. வரவில் செலவு போக எஞ்சுவதே வழியில் தேங்கி நிற்பது. முன்னவர், வாகன வரிசையின் வாலுக்கும் அப்பால் நிற்பது இன்றியமையாதது. வரிசையின் நடுவே நின்றால், ஊர்ந்து வரும் வாகனங்களை மட்டும் எண்ணி, வரவே குறைவு என்று முடிவு கட்டிவிடுவார்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். திறந்துள்ள தடத்தில் மணிக்கு 1,500 வாகனங்கள் கடந்து செல்லக்கூடும் எனக் கொள்வோம். காலை 6 மணி முதல் 8 மணி வரை மணிக்கு 1,800 வாகனங்கள் வருகின்றன. 8 மணிக்குத் தேங்கி நிற்பவை 600. அவற்றுள் கடைசி வாகனம் பணியிடத்தைக் கடக்க 24 நிமிடம் காத்திருக்க வேண்டும். அதன்பின் வரவு மணிக்கு 1,200 ஆகக் குறைந்தாலும் தேக்கம் உடனே மறைந்துவிடாது. மணிக்கு 300 வீதம் கரைந்து, 10 மணிக்கே தீரும். பரபரப்பு நேரம் இரண்டு மணி; நெரிசலோ நான்கு மணி!

இழந்த நேரம் முழுவதையும் கூட்டினால் 1,200 வாகன மணி ஆகிறது. வரிசையின் நீளத்தைவிட இதுவே நம்பத்தக்க அளவு என்பது எமது கருத்து. எனினும் இதிலும் ஒரு குறை உண்டு. நாற்பது தொழிலாளர்களை ஏற்றிய பேருந்தும், ஒருவர் மட்டும் செல்லும் காரும் இக்கணக்கில் ஒன்றே. அப்பேருந்து 24 நிமிடம் நின்றால் இழப்பு 16 மனித மணி. செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரியின் நிலையும் கருதத்தக்கது. அறுத்த குலைகள் ஆலைக்குச் செல்லத் தாமதமாகுந்தோறும் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் குன்றுகிறது.

இதே பணியை 8 மணிக்குத் தொடங்கியிருந்தால் என்னவாகும்? வரவு 1,200, கடக்கக்கூடியது 1,500. தேக்கமே இராது. ஆட்களும் இயந்திரங்களும் அவையே. தடத்தை அடைக்கும் நேரம் மட்டுமே வேறு. எண்ணிக்கை எடுக்காமல் அந்நேரத்தைத் தேர்ந்தெடுக்க இயலாது.